கிராஸ் கட் கிட்டார்

என் சட்டைப் பையில் இருந்த மூன்று பிக்குகளை, துணி துவைக்கும்போது என் மனைவி கண்டுபிடித்தாள். கறுப்பாக, நகத்தளவில், மூன்று முனையுள்ள பிளாஸ்டிக் துண்டுகள். கிட்டார் கம்பியை மீட்டுவதற்கானவை.

"இன்னாய்யா இது? ஓட்டையே இல்லாத பட்டனை எந்தச் சட்டையில தைக்கப் போற?"

நாங்கள் இருவரும் தையல்காரர்கள். செஞ்சி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் கடை. ஆண்களுக்கு நான், பெண்களுக்கு அவள். பேச்சு முழுவதும் அவள். ஒருவரின் இடுப்பைச் சுற்றி டேப் போடும்போதுகூட அளவைத் தவிர வேறு எதுவும் என் வாயிலிருந்து வராது. எங்கள் கடையில் டிரையல் ரூம் கிடையாது. ஒரு பெண் ரவிக்கை போட்டுப் பார்க்க வேண்டுமென்றால், இன்னும் இருவர் ஒரு புடவையைத் திரைபோல் பிடித்துக்கொள்வார்கள். நான் வெளியே போய் ராஜகிரி மலையைப் பார்த்தபடி நிற்பேன். இருபது வருடங்களில் அந்த மலையை என்னளவுக்குப் பார்த்தவர்கள் ஊரில் யாரும் இருக்க முடியாது.

மாதம் ஒருமுறை லைனிங் துணியும் ஜிப்பும் நூலும் வாங்க நான் சென்னைக்குப் போவது வழக்கம். அப்படிப் போன கடைசி மூன்று முறையும், வேலை முடிந்ததும் ஒரு கிட்டார் கடைக்குள் நுழைந்தேன். கிட்டார் வாங்கத்தான் நுழைந்தேன். வெளியே வரும்போது கையில் ஒரு பிக்தான் இருந்தது.

எனக்குப் பிடித்தது ஹெவி மெட்டல் என்னும் கனமான பாட்டு. பாடுகிறவர் உறுமுவார், கிட்டார் கிரானைட் அறுக்கும். தைக்கும்போது காதில் அதைத்தான் மாட்டியிருப்பேன். மிஷினில் பாபின் சிக்கினாலும் இதே சத்தம்தான் வரும் என்பது என் மனைவியின் கருத்து. பழைய ஆறு கம்பிக் கிட்டார் ஒன்றை வாங்கி, போனைப் பார்த்தே கற்றுக்கொண்டேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் கிட்டார்க்காரர்கள் பாட்டை எழுதிவைக்கும் முறை என்னைப் பயமுறுத்தவில்லை. ஆறு கோடுகள், கோட்டின்மேல் எண்கள். எந்தக் கம்பியில் எத்தனையாவது கட்டத்தை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். என் அளவு நோட்டும் அப்படித்தான் இருக்கும்.

சந்து முனையில் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் நண்பர் டிரம்ஸ் வாசிப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு இருவரும் வாசிப்போம். இந்தப் பாட்டுக்கு மிகத் தாழ்ந்த சுரம் வேண்டும். அதற்காக என் ஆறாவது கம்பியைத் தளர்த்தினால், அது எலாஸ்டிக் போன டிரவுசர்போல் தொங்கும்.

"இன்னாபா, உன் கிட்டாரு கொட்டாவி வுடுது?" என்பார் நண்பர்.

ஆகவே இன்னும் தடித்த கம்பி கூடுதலாக உள்ள, ஏழு கம்பியோ எட்டுக் கம்பியோ கொண்ட கிட்டார் வேண்டும் என்று ஆகிவிட்டது. அதிலேதான் சிக்கல். சென்னைக் கிட்டார் கடையில் விற்றதைத் திருப்பி வாங்க மாட்டார்கள். வாசித்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். கடையிலோ எப்போதும் ஐந்தாறு பேர் இருப்பார்கள். ஆட்கள் பார்க்க என்னால் வாசிக்க முடியாது. விரல் மரத்துப்போகும். "ட்ரை பண்ணிப் பாருங்க சார்" என்று விற்பனையாளர் ஒயரோடு வருவார். நான் ஒரு பிக் வாங்கிக்கொண்டு ஓடிவருவேன்.

இதையெல்லாம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று சொல்லி முடித்தேன்.

"மூணு வாட்டி போய் ட்ரையல் பாக்காம வந்தியா?" என்றாள். பிக் விஷயத்தைவிட அதுதான் அவளுக்கு அவமானமாக இருந்தது. "அடுத்த வாட்டி நானும் வர்றேன்."

வந்தாள். முதலில் துணிக்கடைக்குப் போய் மெரூன் நிறத்தில் பத்து மீட்டர் லைனிங் வாங்கிக்கொண்டோம். பிறகு கிட்டார் கடைக்குள் புடவைக்கடைக்குள் நுழைவதைப்போல் நுழைந்தாள். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "ஏழு கம்பி, எட்டுக் கம்பி, எல்லாத்தையும் எடுத்துப் போடுப்பா" என்றாள்.

தலைமுடியைக் குடுமியாகக் கட்டியிருந்த விற்பனையாளர் என்னைப் பார்த்ததும், "பிக் சாரா, வாங்க வாங்க" என்றார். எனக்குக் கடையில் ஒரு பெயரே வைத்திருந்திருக்கிறார்கள்.

முதலில் எட்டுக் கம்பியைக் கொண்டுவந்தார். "லோ வேணும்னா இதான் சார்." அதை என் தோளில் மாட்டினார்கள். கழுத்துப் பகுதி பலகைபோல் அகலமாக இருந்தது. என் மனைவி கைப்பையிலிருந்து டேப்பை எடுத்தாள். கிட்டாரை அளந்தாள், என் கையை அளந்தாள், தலையை ஆட்டினாள்.

"இவருக்கு எடது கை அரை இன்ச்சு கம்மிப்பா. சட்ட வெட்டும்போதே அந்தக் கைய கொறச்சுதான் வெட்டுவேன்."

ஊருக்கெல்லாம் சட்டை தைக்கும் எனக்குச் சட்டை தைப்பது அவள்தான். என் இரண்டு கைகளும் ஒரே நீளம் என்று ஐம்பது வயதுவரை நம்பியிருந்தேன். கடையில் இருந்த அத்தனை பேரும் என் கைகளைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

அடுத்து ஏழு கம்பியில் நீளக் கழுத்துள்ள ஒன்று. தடித்த கம்பி நன்றாக விறைப்பாக நின்றது. ஆனால் மெல்லிய கம்பிகளும் கூடவே விறைத்துக்கொண்டு விரலை அறுத்தன. முதல் கட்டத்தை எட்டிப் பிடிக்க, என் குட்டைக் கை முழங்கையை நீட்ட வேண்டியிருந்தது.

"அக்குளாண்ட புடிக்குது" என்றாள் மனைவி. "வேற எடு."

மூன்றாவதும் ஏழு கம்பிதான். மரத்தின் நிறத்திலேயே, பார்க்க அழகாக இருந்தது. ஆனால் கழுத்தின் குறுக்கே பதித்திருந்த உலோகக் கோடுகள் நேராக இல்லை. விசிறி மடிப்புபோல் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தன.

அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முகம் மாறியது.

"யோவ், வெட்டு கோணலா பூட்ச்சு பாரு. நூல் நேரா புடிக்காம வெட்டிருக்கான்." பிறகு விற்பனையாளரிடம், "இது டேமேஜ் பீஸு. பாதி வெலைக்குக் குடுத்துடுங்க, நாங்க பாத்துக்குறோம்."

"ஐயோ அக்கா, இது டேமேஜ் இல்ல, டிசைனு. இதான் வெலயே ஜாஸ்தி."

"கோணலுக்கு ஜாஸ்தியா? எங்க கடையில கோணலா வெட்டினா நாங்கதான் துணி வாங்கித் தரணும்."

அவர் விளக்கப் பார்த்தார். இங்கிலீஷ் வார்த்தைகளாக வந்து விழுந்தன. அவள் அவரைக் கையமர்த்திவிட்டு டேப்பை வைத்தாள். தடித்த கம்பியை மேலிருந்து கீழ்வரை அளந்தாள். இருபத்தேழு இன்ச். கடைசி மெல்லிய கம்பியை அளந்தாள். இருபத்தைந்தரை. மறுபடியும் அளந்தாள். டேப் கையிலேயே நின்றது.

"அட, கிராஸ் கட்டு!"

"என்னாக்கா?"

"ரவிக்கைய நேரா வெட்டினா எங்கனா ஒரு எடத்துல இழுக்கும், ஒரு எடத்துல தொளதொளன்னு நிக்கும். துணிய சாய்ச்சுப் போட்டு வெட்டினா ஒடம்புல உக்காரும். இவனும் அதைத்தான் பண்ணிருக்கான். தடிக்கம்பிக்கு நீட்டு வேணும், அதுக்கு நீட்டு. மெல்லிசுக்கு வாணாம், அதுக்குக் கொறச்சல்." என்னைப் பார்த்தாள். "வெட்டுனவன் கெட்டிக்காரன்யா."

விற்பனையாளர் அவள் சொன்னதைப் போனில் குறித்துக்கொண்டார்.

"மாட்டு. வாசி" என்றாள் என்னிடம்.

மாட்டிக்கொண்டேன். ஒயரைச் சொருகினார்கள். ஸ்பீக்கர் பெட்டி உஸ்ஸென்றது. விற்பனையாளர், கல்லாவில் இருந்த பெண், பூனைத்தாடி வைத்த இரண்டு கல்லூரிப் பையன்கள், வயலின் பெட்டியோடு ஒரு பெரியவர், எல்லோரும் ஆவலாகப் பார்த்தார்கள். என் விரல்கள் மரத்துப்போயின. கால்கள் தாமாகவே பிக் வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டியின் பக்கம் திரும்பின.

மனைவி அதைக் கவனித்துவிட்டாள்.

"ட்ரையல் ரூம் இருக்குதா?"

"கிட்டாருக்கா அக்கா? இல்லியே."

"எங்க கடையிலயும் இல்ல." பையிலிருந்து லைனிங் துணியை உதறினாள். "ஏம்மா, நீ இந்த முனையப் புடி" என்று கல்லாப் பெண்ணிடம் ஒரு முனையைக் கொடுத்தாள். மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டாள். என் முன்னால் மெரூன் திரை எழுந்தது. "ஆம்பளைங்கல்லாம் அந்தாண்ட திரும்பிக்கங்க."

திரைக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். நான்கு ஆண்களும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். வயலின் பெரியவர் கண்களையும் மூடிக்கொண்டார். இருபது வருடங்களாக மலையைப் பார்த்து நின்ற எனக்காக, நான்கு பேர் சுவரைப் பார்த்து நின்றார்கள்.

ஏழாவது கம்பியை அடித்தேன்.

சத்தம் காதுக்கு வருமுன் காலுக்கு வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் பிக்குகளெல்லாம் நடுங்கின. கம்பி கொட்டாவி விடவில்லை. கட்டங்கள் கை இருக்கும் இடத்துக்கே வந்து நின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று மாதமாகத் தட்டுத்தடுமாறிய பாட்டை, தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரு மூச்சில் வாசித்தேன்.

திரைக்குப் பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது. எங்கள் கடையில் பெண்களிடம் கேட்கும் அதே கேள்வி, அதே குரல்.

"கைய தூக்கிப் பாரு. எங்கனா புடிக்குதா?"

"இல்ல."

"லூசா இருக்குதா?"

"இல்ல."

"அப்ப பில்லு போடச் சொல்லவா?"

"சொல்லு."

விற்பனையாளர் சுவரைப் பார்த்தபடியே கேட்டார். "அக்கா, திரும்பலாமா?"

"இருங்க, திரும்பாதீங்க" என்று நான் சத்தமாகச் சொன்னேன். "இன்னொரு பாட்டு பாக்கி இருக்குது."