மூடினாலும் தூங்காத லெப்டொப்

போன வருடம் ஜூலை 12, சனிக்கிழமை. விடிந்ததும் தேத்தண்ணீர் குடித்து, வாரத்துச் சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டு, முந்திய நாளை நாட்குறிப்பில் எழுதி முடித்தபின் கண்டியிலிருந்து குண்டசாலை பஸ்ஸில் ஏறினேன். எங்கள் கந்தோரில் பிரதம லிகிதராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவரின் வீட்டுக்குப் பயணம். இப்போது அவர் உயிரோடு இல்லை. அன்று, அவருடைய லெப்டொப்புக்கு முந்திய சனிக்கிழமை நான் செய்த வைத்தியம் பலித்ததா என்று பார்க்கப் போனேன்.

சீனி வியாதி அவருடைய கண்களை எடுத்துக்கொண்டிருந்தது. எழுத்தைக் குரலாக்கும் ஒரு தமிழ் மென்பொருளை நம்பித்தான் வாசித்தார். அது பழைய இயங்குதளத்தில் மட்டுமே ஓடும். அந்த இயங்குதளத்தையோ செய்தவர்களே கைவிட்டு வெகுகாலம். கைத்தொலைபேசியின் வழுக்குக் கண்ணாடி, மரத்துப்போன அவர் விரல்களுக்குப் பிடிபடவில்லை. பத்திரிகை வாசித்துக் காட்ட மனைவி இருந்தார். கனடாவிலிருந்து மகள் எழுதும் மின்னஞ்சலை வாசிக்கத்தான் அந்த இயந்திரத்தை விட்டால் ஆளில்லை. தாய் சம்மதியாத கலியாணம். அந்த வீட்டில் மகளின் பெயரை எடுப்பதில்லை. காதில் இயர்போனோடு அவர் தனியே சிரித்தால், இணையத்தில் பத்திரிகை கேட்கிறார் என்று நினைத்து மனைவி கேட்பார்: "பேப்பரில அப்பிடி என்ன பகிடி?"

கந்தோரில் தேத்தண்ணீருக்கு எழுந்தாலும் திறந்த கோப்பினை மூடி நாடா கட்டிவிட்டே போகிறவர் அவர். லெப்டொப்பையும் திறந்தபடி விட்டு எழ மனம் வராது. மூடினால் அது தூங்கிவிடும். திறந்தால் திரை விழிக்கும், ஒலி விழிக்காது. ஒலி இல்லையென்றால் அவருக்கு அது வெறும் தகரம். முந்திய சனிக்கிழமை, ஒலியை இயக்கும் ட்ரைவர் என்ற மென்பொருளைக் கழற்றி மறுபடி போட்டேன். அதற்கு முந்திய பதிப்பைத் தேடியெடுத்துப் போட்டேன். முழுதாக நிறுத்தித் தொடங்கினால் பேசியது. தூங்கி எழுந்தால் ஊமை.

"என்ர மாமனாரும் இப்பிடித்தான் தம்பி," என்றார். "நித்திரையால எழும்பினா மத்தியானம் வரைக்கும் வாய் திறக்கமாட்டார்."

"இப்ப ஏன் எங்கட அப்பாவை இழுக்கிறியள்?" என்று குசினியிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

கடைசியில், மூடினாலும் தூங்காதபடி அமைப்பை மாற்றிவிட்டேன். அவர் மூடி மூடித் திறந்து பார்த்தார். ஒவ்வொரு முறையும் பேசியது. என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை, அந்த 12ஆம் திகதி, நான் உள்ளே நுழைந்தபோது லெப்டொப் மின்வயர் செருகியபடியே மேசைமேல் மூடிக் கிடந்தது. அதன்மேல் அவர் மனைவி பின்னிய கம்பளி உறை. தூசு படக்கூடாதென்று ரேடியோ, தொலைக்காட்சி, தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் அந்த வீட்டில் உறை உண்டு. முன்பு அதனால் கேடில்லை. உறைக்குள் இயந்திரம் தூங்கியது. இந்த வாரம் முழுதும் அது கம்பளிக்குள் விழித்துக் கிடந்து வெந்திருக்கிறது. உறையை எடுத்ததும் கருகிய மணம் வந்தது.

"விடிய மணந்ததுதான். பக்கத்து வீட்டில குப்பை எரிக்கினம் எண்டு நினைச்சன்," என்றார் மனைவி.

பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் இல்லை. கண்டிக்குக் கொண்டுவந்து பழுது பார்ப்பவரிடம் காட்டினேன். "உள்ளுக்குப் போர்டே கருகிருச்சுங்க. இந்த மாடலுக்கு இப்ப சாமானும் வர்றதில்ல," என்றார். அன்று மாலை தொலைபேசியில் அதை அப்படியே சொன்னேன். "ஓம் தம்பி," என்று வைத்துவிட்டார். தூங்கவிடாமல் வைத்திருந்தால் போதும், பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்திருந்தேன். வேகும் என்று நினைக்கவில்லை.

மறுநாள் காலை, நான் அடுப்பு மூட்டுமுன் அவரே அழைத்தார்.

"அவ கோயிலுக்கு வெளிக்கிட்டிட்டா. கெதியா வாரும்."

தேத்தண்ணீர் குடிக்காமலே ஓட்டோ பிடித்துப் போனேன். வீட்டில் வேறு யாரும் இல்லாதபோதும், கடவுச்சொல்லை என் காதோடுதான் சொன்னார். என் தொலைபேசியில் மகளின் கடிதம் திறந்தது. "அன்புள்ள அப்பா," என்று தொடங்கினேன். என்னை அறியாமலே குரல் இளகியிருக்க வேண்டும். அவர் கையை உயர்த்தினார்.

"இரக்கம் வேண்டாம் தம்பி. மெஷின் வாசிக்கிற மாதிரி வாசியும். அவளின்ர குரலை நான் போட்டுக்கொள்ளுறன்."

தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் சொல்லிலிருந்து ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தேன்.