குப்பைமேட்டில் கிளம்பிய வெந்நீர் ஊற்று

1. வாளியோடு வந்தவர்கள்

மாரி மழை விட்ட ஒரு காலை, யார்ட் கேட்டைத் திறக்கப் போனபோது வெளியே மூன்று பேர் வாளியோடு நின்றார்கள். ஒருவருடைய தோளில் துவாய் கிடந்தது.

"நானா, ஊற்று எந்தப் பக்கம்?" என்று துவாய்க்காரர் கேட்டார்.

"என்ன ஊற்று?"

"சுடுதண்ணி ஊற்று. பஸ்ஸில வரேக்க ஆவியைக் கண்டனாங்கள். எங்களுக்கு மறைக்க ஏலாது."

நான் வேலை பார்த்தது பிரதேச சபையின் கொம்போஸ்ட் யார்டில். திருகோணமலையிலிருந்து குச்சவெளிக்குப் போகும் வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே இருந்தது. சந்தைக் கழிவு, மீன் கழிவு, இலைகுழை எல்லாம் ட்ரக்டரில் வரும். அவற்றைக் குவித்து, புரட்டி, உக்க வைத்துப் பசளையாக விற்போம். முதல் நாள் மாலைதான் பெரிய குவியலைப் புரட்டியிருந்தோம். காலைக் குளிரில் அதன் ஆவி தென்னை உயரத்துக்கு எழும்பி நின்றது. அடியிலிருந்து இளஞ்சூடான மண்ணிறத் தண்ணீர் வடிகானுக்குள் வடிந்தது.

வேறு ஊர்க்காரர் கண்டிருந்தால் தீ என்று நினைத்துத் தண்ணீர் பவுசரைக் கூப்பிட்டிருப்பார்கள். எங்கள் ஆட்களுக்குப் பக்கத்துக் கன்னியாவில் நிலத்துக்குள்ளிருந்து சுடுதண்ணீர் வருவது சின்ன வயதிலேயே தெரியும். ஆவியைக் கண்டால் துவாயை எடுக்கிறார்கள்.

"அண்ணை, அது மீன் குடலில இருந்து வடியிற தண்ணி," என்றார் யோகமலர். யார்டில் வேலை செய்த நான்கு பெண்களில் மூத்தவர். "அதில குளிச்சா ஊர்ப் பூனையெல்லாம் உங்களுக்குப் பின்னால வரும்."

துவாய்க்காரர் யோசித்தார். "முழங்காலுக்கு மட்டும் ஊத்தினா?"

2. உள்ளே இருந்தவர்கள்

அந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இலை வெயிலின் சக்தியை வாங்கித் தன் உடம்பில் கட்டி வைக்கிறது. அதைத் தின்கிற உயிர்களின் உடம்புக்கும் அந்தச் சக்தியே போகிறது. குவியலில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் எல்லாவற்றையும் தின்று, மூச்சு விட்டு, பெருகுகின்றன. கட்டி வைத்த சக்தி அப்போது அவிழ்கிறது. ஒரு பங்கை அவை தங்கள் வளர்ச்சிக்கு எடுக்கின்றன. மிச்சம் சூடாக வெளியேறுகிறது. நாம் சோறு தின்றால் உடம்பு சூடாக இருப்பதும் இதே முறையில்தான்.

சின்னக் குவியலில் அந்தச் சூடு தெரியாது, உடனே காற்றோடு போய்விடும். பெரிய குவியலில் வெளிப்புறக் குப்பையே கம்பளி மாதிரி மூடிக்கொள்ளும். நடுப்பகுதியில் கை வைக்க ஏலாத சூடு சேர்ந்துவிடும். நான் சூப்பர்வைசராகப் போன முதல் நாள் இது தெரியாமல் முழங்கை வரை உள்ளே விட்டேன். விட்ட வேகத்தைவிட எடுத்த வேகம் கூட.

"உள்ளுக்க ஆக்கள் இருக்கினம் நானா," என்றார் யோகமலர். "தட்டிப்போட்டுத்தான் போகோணும்."

3. நாகராசா அண்ணையின் திட்டம்

யார்டுக்குப் பக்கத்துக் காணி, பென்சன் எடுத்த நாகராசா அண்ணையுடையது. மணம் தாங்க ஏலாது, யார்டை மூடவேண்டும் என்று சபைக்குப் பெட்டிசன் போட்டிருந்தார். அதை விசாரிக்கச் செயலாளர் வருவதாக இருந்தது. மூடினால் என்னை வேறு கிளைக்கு மாற்றுவார்கள். நான் நிரந்தர ஊழியன். யோகமலரும் மற்றப் பெண்களும் நாட்கூலி. கேட் பூட்டப்படும் அன்றோடு அவர்களுக்கு வேலை முடிந்துவிடும்.

வாளிக்காரரின் கதையைக் கேட்டு நாகராசா அண்ணை வேலியடிக்கு வந்தார். நான் அவரைச் சிரித்த முகத்தோடு கண்டது அதுதான் முதல் தடவை.

"தம்பி, ஊற்று எண்டால் உங்கட குப்பையை வேற இடத்துக்குத்தானே கொண்டு போவினம்?"

"ஊற்று இல்லை அண்ணை. குப்பையின்ர சூடு."

"குப்பைக்கு என்னத்துக்குச் சூடு? அதுக்கு என்ன காய்ச்சலோ? என்ர காணி றோட்டுப் பக்கம். வாகனம் விட இடம் இருக்கு. ஒரு தேத்தண்ணிக் கடை, உடுப்பு மாத்த நாலு அறை. நீங்களும் யோசியுங்கோ, டிக்கட் கிழிக்க ஆள் வேணும்."

போன் எடுத்து ஆவியை வீடியோ பிடித்தார். பின்னேரத்துக்குள் அது மூதூர் வரை போய்விட்டது. அடுத்த நாள் செயலாளர் வந்தபோது தனியாக வரவில்லை. நிலத்தடி நீர் பார்க்கிற அதிகாரி ஒருவரும் ஜீப்பில் கூட வந்தார்.

4. நல்ல குப்பை

அதிகாரி குவியலைப் பார்க்க முதல் சுற்றுப்புறத்தைப் பார்த்தார்.

"பக்கத்துக் காணி ஆருடையது?"

"என்ர, சேர்," என்று நாகராசா அண்ணை முன்னுக்கு வந்தார். கோடு போட்ட புதுச் சேர்ட் போட்டிருந்தார்.

"ஊற்று எண்டு உறுதியானால் சுத்திவர நில அளவை செய்யோணும். பிறகு அந்தக் காணியளில கட்டவோ விக்கவோ ஏலாது. அரசாங்கம் பொறுப்பெடுக்கும்."

"தேத்தண்ணிக் கடை?"

"அதுவும் ஏலாது."

நாகராசா அண்ணை ஆவியைப் பார்த்தார், தன் வேலியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, நேற்று ஏதோ சொன்னீங்கள். குப்பையின்ர சூடு எண்டு. சேருக்கு அதை ஒருக்கா விளங்கப்படுத்துங்கோ."

விளங்கப்படுத்தினேன். அதிகாரி தலையாட்டினாரே தவிர நம்பவில்லை. கானில் ஓடிய தண்ணீரைத் தொட்டுப் பார்த்து, "இது சுடுதே?" என்றார்.

நீளமான தெர்மோமீட்டர்க் கம்பியை எடுத்துவந்தேன். சூடு நிலத்திலிருந்து வந்தால் அடியில்தான் கூட இருக்கவேண்டும். குப்பையிலிருந்து வந்தால் நடுவில் கூடி அடியில் குறையவேண்டும். நடுவில் குத்தியபோது முள் மேலே ஏறியது. அடியில் குத்தியபோது இறங்கியது.

"மழைத்தண்ணி அடியில நிண்டு குளிர்ந்திருக்கலாம்," என்றார் அதிகாரி.

நாகராசா அண்ணை யோகமலரின் கையிலிருந்த மண்வெட்டியைப் பறித்தார். புதுச் சேர்ட்டோடு குவியலை வெட்டத் தொடங்கினார். மீன் முள்ளும் வாழைத்தண்டும் பறந்தன. ஆவி அவருடைய மூக்குக்கண்ணாடியை மூடியது. கழற்றித் துடைக்காமலே வெட்டினார். நிலம் வந்ததும் அதிலும் ஒரு முழம் தோண்டிவிட்டு, குந்தியிருந்து உள்ளங்கையை மண்ணில் வைத்தார்.

"குளிர், சேர். சவம் மாதிரிக் குளிர். வந்து வையுங்கோ."

அதிகாரி வந்து வைத்தார். பிறகு கையைக் கழுவ இடம் கேட்டார். இது ஊற்று இல்லை என்று எழுதிக்கொண்டு ஜீப்பில் போய் ஏறினார்.

செயலாளர் போகவில்லை. அவரிடம் பெட்டிசன் இருந்தது.

"ஐயா, இதில சகிக்க முடியாத துர்நாற்றம் எண்டு எழுதியிருக்கிறீங்கள்."

"மணம் இருக்குத்தான்."

"அப்ப மூடுவமோ?"

யோகமலர் மற்றப் பெண்களோடு தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்றார். மூடினால் நாளைக்கு வெறும் நிலம். வீடியோ மட்டும் மிஞ்சும்; ஆவிக்குக் காரணம் என்று காட்டக் குப்பை இராது, எவராவது திரும்பவும் ஊற்றுத் தேடலாம். நாகராசா அண்ணையின் முகத்தில் அந்தக் கணக்கு ஓடியது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

"வேண்டாம், சேர்," என்றார் கடைசியில். "இது நல்ல குப்பை."

பெட்டிசனை வாபஸ் வாங்கிக் கையெழுத்து வைத்தார். காகிதத்தில் மீன் செதில் ஒன்றும் ஒட்டியது.

5. மறைப்பு

பிரச்சினை அத்தோடு முடியவில்லை. அவர் வெட்டிய வெட்டில் குவியலுக்குள் நன்றாகக் காற்றுப் புகுந்துவிட்டது. உள்ளே இருந்தவர்களுக்கு மூச்சு விட வசதி. இரண்டு நாள் கழிந்த காலையில், முன்னையதைவிடப் பெரிய ஆவி கிளம்பியது.

நாகராசா அண்ணை சாரத்தோடு ஓடிவந்தார். "தம்பி, பஸ்ஸில வாறவனுக்கெல்லாம் தெரியுது. இதை மூட ஏலாதோ?"

"எதால மூடுறது?"

அன்று மத்தியானம் தன் செலவில் ஒரு ட்ரக்டர் வைக்கோல் இறக்கினார். பெண்கள் குவியலின் மேல் தடிப்பாகப் பரப்பினார்கள். ஆவி வைக்கோலுக்குள் தங்கியது, மணமும் பாதியாகக் குறைந்தது. மீன் கழிவு கூடி, வைக்கோல் மாதிரிக் காய்ந்த சாமான் குறைந்தால்தான் குவியல் அப்படி நாறும். சபையிடம் வைக்கோல் கேட்டுக் கேட்டு நான் ஓய்ந்துபோயிருந்தேன்.

அடுத்த புரட்டலில் அந்த வைக்கோல் உள்ளே போனது. உள்ளே இருந்தவர்கள் அதையும் தின்றார்கள். சூடு இன்னும் நீண்ட நாள் நின்றது, ஆவியும் திரும்ப வந்தது. அவரும் திரும்ப ஒரு ட்ரக்டர் கொண்டுவந்தார். நான் ஓய்வு பெறும் வரை இது நடந்தது. எங்கள் பசளைக்கு நல்ல பெயர் வந்ததும் அப்போதுதான்.

"நானா, அவருக்குச் சொல்லுவமோ?" என்று யோகமலர் ஒருநாள் கேட்டார்.

"என்னத்தை?"

"இது மூடி இல்லை, தீனி எண்டு."

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இதுதான். குவியலுக்குக் காற்று, தண்ணீர், தீனி மூன்றும் வேண்டும். முதல் இரண்டும் உங்கள் கையில் இருக்கின்றன. மூன்றாவதை யாராவது வேறு காரணத்துக்காகக் கொண்டுவந்து கொட்டினால், ட்ரக்டர் திரும்பிப் போகும் வரையாவது வாயைத் திறக்காதீர்கள்.