அட்டை வைத்து மூடாத கிளாஸ்

ஹெட்விகாம்மா எங்கள் பாருக்குள் வரும்போது கோட்டுக்குள் ஒரு பாட்டிலை ஒளித்துக்கொண்டுதான் வருவார். அவர் வீட்டில் காய்ச்சிய பியர். வெளியிலிருந்து கொண்டுவரக் கூடாது என்று வாசலிலேயே எழுதிப் போட்டிருக்கிறோம். ஆனால் பிர்னோ நகரத்தில் இத்தனை வருஷமாக டிராம் ஓட்டுகிற அந்த அம்மா சிக்னலுக்கு மட்டும்தான் கட்டுப்படுவார். நானும் பார்க்காததுபோல இருந்துவிடுவேன். குழாயைத் திறந்து பியர் ஊற்றுவதுதான் என் வேலை, போலீஸ் வேலை இல்லை.

"ஓட்டா, ராடிம் புதுசா காய்ச்சினதுல பாதி கிளாஸ் ஊத்து. பக்கத்துல ஒரு காலி கிளாஸ் வை."

ராடிம் என் முதலாளி. பாருக்குப் பின்னாலேயே சின்னதாக ஆலை வைத்துப் பியர் காய்ச்சுகிறவர். காலி கிளாஸில் ஹெட்விகாம்மா தன்னுடையதை ஊற்றிக்கொள்வார். இதில் ஒரு வாய், அதில் ஒரு வாய். கண் இரண்டும் கூரையைப் பார்க்கும். அப்புறம் தீர்ப்பு, அதுவும் பார் முழுக்கக் கேட்கிற மாதிரி. ஆரஞ்சு வாசனை தூக்கலாக ஒரு பியரை ராடிம் இறக்கியபோது, "ஏன் தம்பி, பியர் கேட்டா பழக்கடையை ஊத்தறியே?" என்றார். ராடிமுக்கு ஒரு வாரம் முகம் சரியில்லை.

இதை வாய்க்கொழுப்பு என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். ராடிமுடைய பியரைக் குடித்துவிட்டுத் தன்னுடையதைக் குடித்தார். மறுபடி முகர்ந்தார்.

"என்னுதுல வெண்ணெய் வாடை வருது. அவசரப்பட்டு இறக்கிட்டேன். இன்னிக்கு இவன் ஜெயிச்சுட்டான்."

மிச்சப் பாட்டிலை நான் கிளாஸ் கழுவுகிற தொட்டியிலேயே கொட்டிவிட்டுப் போனார். வீட்டில் பியர் காய்ச்சுகிற ஆட்கள் எனக்கு நிறையப் பழக்கம். பெற்ற பிள்ளையைக் குறை சொன்னாலும் பொறுத்துக்கொள்வார்கள், பியரைச் சொன்னால் பேச்சு நின்றுபோகும். தன் பியருக்கு எதிராகத் தானே சாட்சி சொன்ன ஆள் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். அன்றிலிருந்து எனக்கு அவர்மேல் தனி மரியாதை.

அவர் இருப்பது ஓர் அடுக்குமாடிக் கட்டடம். அடித்தளத்தில் எல்லாக் குடித்தனத்துக்கும் பொதுவாக ஒரு துணி துவைக்கும் அறை. லீவு நாட்களில் அங்கேதான் பார்லியை வேகவைப்பார். போர்வையெல்லாம் பார்லி வாடை அடிக்கிறது என்று குடியிருப்பவர்கள் கூட்டம் போட்டார்கள். இந்த மாதத்தோடு சரி, அப்புறம் அங்கே அடுப்பு மூட்டக் கூடாது என்று முடிவாகிவிட்டது. அவர் வீட்டுச் சமையலறையிலோ இரண்டு பேர் நின்றால் ஒருவர் மூச்சை அடக்க வேண்டும்.

"காய்ச்ச இடமில்லாட்டி நான் என்ன பண்ணுவேன், ஓட்டா?" என்று கேட்டார். அந்த அம்மா குரலைத் தாழ்த்திப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நல்லவேளையாக ராடிமின் வருஷாந்திரப் போட்டி நெருங்கியிருந்தது. சின்ன ஆலைகளின் பியரும் வீட்டுப் பியரும் பெயர் இல்லாமல், வெறும் நம்பர் போட்ட குழாய்களில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். வீட்டுப் பியரில் முதலாவதாக வருகிறவருக்கு இந்த முறை பரிசு, ஆலையில் பியர் காய்ச்சுகிற பழைய சின்னக் கொப்பரை. ஒரு வருஷம் எப்போது வேண்டுமானாலும் வந்து காய்ச்சிக்கொள்ளலாம்.

"இந்தத் தடவையாவது உங்க பியர்ல ஏதாச்சும் சேத்துக் காய்ச்சுங்களேன், ஹெட்விகாம்மா. செர்ரிப் பழம், காப்பிக்கொட்டை, இப்படி ஏதாவது."

"பசியில ரொட்டி கேக்கறவனுக்கு ரோஜாப்பூவைக் குடுப்பியா நீ? போய் வேலையைப் பாரு."

போட்டி சனிக்கிழமை மதியம். எந்த நம்பர் யாருடையது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ராடிமும் வெளியூர்க்காரர்கள் இருவரும் நடுவர்கள். ஒரு வாய் குடித்து, கிளாஸை ஆட்டி, மூக்கை உள்ளே விட்டு, புகை என்றார்கள், சாக்லேட் என்றார்கள், மழை பெய்த காடு என்றுகூட ஒருத்தர் சொன்னார். நாலாம் நம்பர் வந்தது. ஹெட்விகாம்மாவின் வெறும் மஞ்சள் பியர்.

"குறை ஒண்ணும் இல்ல," என்றார் ராடிம்.

"சொல்றதுக்கும் ஒண்ணும் இல்ல," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

மார்க்கைக் கூட்டி, பெயர்களை வாசித்தேன். ஹெட்விகாம்மா கடைசிக்கு முந்தி. ஜெயித்தவர் பல் டாக்டர் ஹைனெக். புகை போட்ட பிளம்ஸ் சேர்த்த கறுப்புப் பியர். பொய் சொல்லக் கூடாது, முதல் வாயில் நானே கண்ணை மூடிக்கொண்டேன். ஹெட்விகாம்மாவும் ருசி பார்த்துவிட்டு நேராக அவரிடம் போய்க் கையைக் குலுக்கினார்.

"டாக்டர், பிரமாதம். எனக்குப் பொறாமையா இருக்கு." சொல்லிவிட்டுக் கோட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார்.

நடுவர்களும் டாக்டரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஊறவைத்த சாசேஜும் வெங்காயமும் தின்றுகொண்டு பேச ஆரம்பித்தார்கள். எங்கள் ஊரில் அடுத்த பியர் வேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை. கிளாஸ் காலியானால் அதே பியரை நான் மறுபடி கொண்டுவந்து வைப்பேன். போதும் என்றால் கிளாஸின் கீழே இருக்கும் வட்ட அட்டையை எடுத்து மேலே வைத்து மூடிவிட வேண்டும். அன்றைக்கும் ருசி பார்த்த கிளாஸ்கள் மேஜையிலேயே இருந்தன, எது காலியானாலும் பழக்கதோஷத்தில் ஊற்றிக்கொண்டே இருந்தேன். திடீரென்று நாலாம் நம்பர் குழாய் வெறும் நுரையும் காற்றுமாகத் துப்பியது.

"நாலு தீந்துபோச்சு," என்றேன்.

"தீந்துபோச்சா? அதை யாருய்யா குடிச்சா?" என்றார் ராடிம்.

"நீங்கதான். இவங்க ரெண்டு பேரும். அப்புறம் டாக்டர்."

"நான் எப்பய்யா கேட்டேன்?"

"கேக்கல. ஆனா மூடவும் இல்லையே."

ராடிம் மேஜையைப் பார்த்தார். பிளம்ஸ் பியர் நாலு கிளாஸும் பாதியோடு நின்றன, ஒவ்வொன்றின் தலையிலும் அட்டை. பக்கத்தில் நாலாம் நம்பர் கிளாஸ் நாலும் காலி, ஒன்றின் மேலும் அட்டை இல்லை. ராடிமின் காது சிவந்துவிட்டது. முதலில் சிரித்தது டாக்டர்தான்.

"அடடா, என் பியரை நானே மூடி வச்சிருக்கேன் பாருங்க! ராடிம், எனக்குக் காய்ச்சறதுக்குக் காரேஜ் இருக்கு. கொப்பரையை அந்தம்மாவுக்குக் குடுங்க."

"போட்ட மார்க்கை மாத்த முடியாது, டாக்டர்."

"யாரு மாத்தச் சொன்னா? முதல் பரிசு எனக்குத்தான், அதை விடமாட்டேன். கொப்பரையை மட்டும் குடுங்கன்னேன்."

பின்கட்டில் ஹெட்விகாம்மா ஒரு காலிப் பீப்பாய்மேல் உட்கார்ந்திருந்தார். ராடிம் விஷயத்தைச் சொன்னார். சொல்லும்போது அவர் கண்ணைப் பார்க்கவில்லை.

"இரக்கப்பட்டா குடுக்கற, தம்பி?"

"இரக்கப்பட்டு யாரும் அத்தனை கிளாஸ் குடிக்க மாட்டாங்க."

அந்த அம்மா அழுதார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கோட்டுக் கையால் துடைத்துக்கொண்டு, வெட்கமே இல்லாமல் அழுதார். ராடிம் ஆலைச் சாவியைக் கையில் கொடுத்து, கொப்பரையைக் கழுவித் தயாராக வைப்பதாகச் சொன்னார்.

"நீ தொடாதே," என்றார் ஹெட்விகாம்மா. "நானே கழுவிக்கறேன். உன் ஆரஞ்சு வாசனை போகவே நாலு நாளாகும்."