படையலில் வைத்த வசாபி

செடி நடுவதில் பாவாயிக்குக் கைராசி என்று மலையூரான தலைச்சோலையே சொல்லும். அந்தக் கையும் ஒரு செடியிடம் தோற்றது.

சென்னையில் ஜப்பான் சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை பார்த்த மகன் சின்னன், ஒரு பொங்கலுக்கு நாலு கன்று கொண்டுவந்தான். வசாபியாம்; ஜப்பான்காரர்கள் அரைத்துத் தொட்டுக்கொள்ளும் காரக் கிழங்கு. காப்பித் தோட்டத்துக்குக் கீழே, வெயில் விழாத ஊற்றில், தண்ணீர் ஓடுகிற கூழாங்கற்களுக்கு நடுவே நட்டான்.

"எங்க கடையில வெக்கறது டூப்புங்கம்மா. வேற கெழங்கும் கடுகும் அரச்சுப் பச்சைச் சாயம் போட்டது. இது வெளைஞ்சா மொதக் கெழங்க நானே வந்து சந்தனமாட்டம் எழைச்சுத் தாறேன். ஒடனே தின்னோணும். செத்த நேரம் வெச்சாக் காரம் ஓடியே போயிரும்."

"திங்கற கெழங்குக்கு இத்தன சட்டமா சாமி?" என்று சிரித்தாள் பாவாயி. சிரித்தவள் சும்மா இருந்தாளா? எருவில்லாமல் எந்தச் செடி பிழைக்கும் என்று கூடை நிறையச் சாணி எருவைக் கொட்டினாள். மூன்று கன்று அழுகிப்போயின. மிஞ்சிய ஒன்றைக் கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டாள்.

கிழங்கு பெருத்துவிட்டதென்று போனில் கேட்டுத்தான் சின்னன் ஊருக்குக் கிளம்பினான். அடிவாரத்தில் கூட்டாளியின் பைக்கில் ஏறியவன், மலைப்பாதை வளைவில் லாரியில் அடிபட்டுச் செத்தான். கிழங்கு வெட்டாமலே கிடந்தது.

வருசத் திதிக்குப் பாவாயி அதைத் தோண்டினாள். கல்லில் இழைக்க இழைக்க மூக்கில் சுரீரென்று ஏறியது. படையல் இலையில் கறிக்குழம்புக்குப் பக்கத்தில் வைத்து, வழக்கப்படி கதவைச் சாத்திவிட்டு, அவளும் புருசன் பெரியண்ணனும் வெளியே நின்றார்கள். செத்தவர் வந்து உண்ணுகிற நேரம் அது. பாவாயி மனசுக்குள்ளேயே மகனை அவசரப்படுத்தினாள். சீக்கிரம் வா சாமி, காரம் போயிரும்.

கதவைத் திறந்ததும் பெரியண்ணன் அந்தப் பச்சை விழுதைத் தொட்டு நாக்கில் வைத்தார். வெறும் தழை ருசிதான் இருந்தது.

"பாவாயி! எழைக்கறப்ப வாசல்ல நின்ன எனக்கே மூக்குல ஏறுச்சு. இப்பக் காரமே இல்ல புள்ள. பையன் வந்து தின்னுட்டுப் போயிருக்கறான்." ஒரு வருசமாக அழாத மனிதர் தேம்பித் தேம்பி அழுதார்.

அவன் வரவில்லை. காரம் தானாகப் போனது. பாவாயிக்கு அது தெரியும். சொல்ல வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனாள்.

"அடுத்த திதிக்கும் இது கெடைக்குமா?" என்று கேட்டார் பெரியண்ணன்.

"கெடைக்குமுங்க" என்றாள். கிழங்கிலிருந்து பிரித்து வைத்திருந்த பக்கக்கன்றுகளை எடுத்துக்கொண்டு ஊற்றுக்கு நடந்தாள்.