பிலோமினா அக்காவின் குடைத் தட்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கடை ஷட்டரில் அக்கா தட்டும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வந்தது போன்தான். "அண்ணே, பிலோமினாக்கா பூட்டாங்க. தூக்கத்துலயே" என்றார் அவருடைய பக்கத்து வீட்டுப் பெண்.

ராயபுரத்தில் அக்காவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, பிள்ளையும் இல்லை. நான் தெற்கேயிருந்து பிழைக்க வந்த மளிகைக்காரன். மனைவி இறந்தபின் வீட்டில் இருக்கப் பிடிக்காமல், விடுமுறை நாளிலும் பாதி ஷட்டரைத் தூக்கிவிட்டு உட்கார்ந்திருப்பேன். சர்ச்சில் பூசை முடிந்து வந்த அக்கா ஒருநாள் குனிந்து பார்த்தார்.

"நாயித்துக்கெயம கூட இங்க குந்திகினு இன்னா பண்ற நைனா? எறக்கு ஷட்டர. ஒரு ரவுண்டு வருவோம், வா."

அப்படித் தொடங்கியது எங்கள் நடை. பழைய ரயில் நிலையத்தைச் சுற்றி, மரப்படி வீடுகள் உள்ள தெருக்கள் வழியாகத் துறைமுகம் பக்கம் வரை. போகிற வழியில் தனியாக இருப்பவர்களின் வாசலில் குடையால் தட்டுவார். "கீறியா?" எங்கள் ஊர்ப் பேச்சில் 'இருக்கியா?'. உள்ளேயிருந்து "கீறேன்க்கா" என்று குரல் வந்தால் நடையைக் கட்டுவார். யார் கூப்பிட்டாலும் உள்ளே போகமாட்டார். "பூந்தா காப்பி குடுப்பாங்க. அடுத்த வூட்டுக்காரன் காத்துகினு கீறான்ல?" என்பார்.

ஒருமுறை பழைய கட்டடங்களைப் பார்க்கக் கேமராவுடன் ஒரு கூட்டம் வந்தது. ஒரு மாடி வீட்டைக் காட்டி, "இதுக்கு என்ன வயசு இருக்கும்மா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"வூட்டு வயசு யாருக்குத் தெரியும்? மேல கீற தாத்தாவுக்கு எம்பது ஆவுது. ஒரு தபா கூப்டு, குஷியாயிடுவாரு."

அந்தப் பெண் கூப்பிட்டாள். தாத்தா சட்டையை மாட்டிக்கொண்டே பால்கனிக்கு ஓடிவந்தார்.

நடை அக்கா வீட்டில் முடியும். கதவைத் திறக்குமுன் அதிலும் குடையால் ஒரு தட்டு. "பிலோமினா, கீறியா?" என்று தானே கேட்டு, "கீறேன், கீறேன்" என்று தானே பதில் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். வேறு யாரும் அந்தக் கேள்வியை அவரிடம் கேட்பதில்லை என்பது அடக்கத்தன்று மண் போடும்போதுதான் உறைத்தது. வாய்விட்டு அழுதேன்.

அதற்கு முந்தைய வாரம் மழை. சாமான் வாங்க வந்தவர், மழை விட்டதும் ஈரக் குடையைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். அடக்கம் முடிந்து வந்த ஞாயிறு அதை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். ஒவ்வொரு வாசலிலும் தட்டினேன். அவரைப்போல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. தட்ட மட்டும் செய்தேன். உள்ளேயிருந்து பதில் வந்தது. மாடித் தாத்தா மட்டும் பால்கனியில் நின்று நான் தெரு முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக அக்கா வீடு. பூட்டு தொங்கியது. அக்கா செய்வதுபோல் ஒரு தட்டுத் தட்டினேன்.

"அக்கா, எல்லாரும் இருக்காங்க. நீங்க தூங்குங்க."