சோக்கை இழுத்துவிட்டு எடுத்த புகை

இயந்திரம் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும், எரிபொருளைக் கூட்டிவிடும் சோக் பிடி முழுதாக உள்ளே தள்ளப்பட்டிருக்க வேண்டும். புகைப் பரிசோதனையின் முதல் விதி இது. நிலையத்தின் சுவரிலேயே ஒட்டியிருந்தார்கள். அங்கே வேலை செய்பவர்கள் அதற்கு முதுகைக் காட்டித்தான் நிற்கிறார்கள்.

எனது பழைய இங்கிலாந்துக் கார், யுத்தத்தில் பெற்றோல் தடைசெய்யப்பட்ட காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியது. அதற்காகத் துளை பெருப்பித்த, எரிபொருளைக் காற்றோடு கலக்கும் காபரேற்றரைக் கழற்றிவிட்டு, பண்டத்தரிப்பில் உடைத்து விற்ற ஒரு காரிலிருந்து துளை கெடாத ஒன்றை வாங்கிப் பூட்டினேன். எரிபொருள் சரியாக எரிவதற்கு அடையாளமாகப் பிளக்கின் முனை கருமை போய் மண்ணிறமாகும் வரை அதன் திருகாணியைச் சிறிது சிறிதாகத் திருப்பினேன். புகைச் சான்றிதழ் இல்லாவிட்டால், காரைத் தெருவில் ஓட்டுவதற்கான வரிப்பத்திரம் இல்லை. அது இல்லாமல் இடுப்பு முறிந்த மனைவியைச் சிகிச்சைக்கு ஏற்றிச் செல்ல முடியாது.

சூடேற ஓட்டிக்கொண்டு போன காரில் பரிசோதகர் ஏறி இருந்ததும் சோக்கை வெளியே இழுத்தார்.

"தம்பி, உது ஆறின எஞ்சினை ஸ்டார்ட் பண்ண மட்டும்தான். உள்ளுக்குத் தள்ளும், இல்லாட்டிப் புகைக்கும்."

"ஐயா, நான் எத்தினை கார் பாத்திட்டன். மெஷின் பொய் சொல்லாது."

"சொல்லாதுதான். நீர்தான் சொல்ல வைக்கிறீர்."

கறுப்புப் புகை வந்தது. சித்தியில்லை என்று எழுதித் தந்தார். விதியைக் குறிப்பிட்டு மேலிடத்துக்கு முறைப்பாடு அனுப்பினேன். பிறகு மனைவி உரும்பிராயிலிருந்து ஓட்டோவில், குழிக்குக் குழி என் கையை இறுக்கிப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள். நல்ல கார் வீட்டில் நின்றது.

'இயந்திரத்தைச் சூடாக்கி, சோக்கை உள்ளே தள்ளியபின் மீண்டும் கொண்டுவரவும்' என்று பதில் வந்தது. சிகிச்சை முடிந்தது, இனி வரத் தேவையில்லை என்று வைத்தியர் மனைவியை அனுப்பிவைத்த அன்றுதான், தீபாவளிக்கு முதல் நாள், அந்தக் கடிதம் கைக்குக் கிடைத்தது.