இறக்கத்தில் பின்வடம்

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் ரதம் மேட்டிலிருந்து இறங்கத் தொடங்கும் இடத்தில், முன்வடம் இழுத்துவந்த ஆண்கள் கயிற்றைத் தளரவிட்டு ஒதுங்குவார்கள். பெண்கள் ஓடிப்போய் ரதத்தின் பின்னால் கட்டிய வடத்தைப் பிடிப்பார்கள். இறக்கத்தில் ரதம் தானாக ஓடிவிடாமல் பின்னுக்கு இழுத்துப் பிடிப்பது எங்கள் ஊரில் பெண்களின் வேலை. மலேசியாவில் வேறு எங்காவது இப்படி உண்டா என்று எனக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் திருவிழா நாளில் மத்தியானத்துக்குள் பாதி ஆண்கள் கள்ளில் மிதப்பார்களாம். இவர்களை நம்பி அம்மனை விட முடியாது என்று பெண்கள் எடுத்துக்கொண்ட பொறுப்பு அது. வடத்தின் தலைப்பில், ரதத்துக்கு மிக அருகில், எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் என் அத்தைதான் நிற்பார். அப்பாவின் தங்கை. புல்வெட்டும் பெண்களுக்கு மண்டோராக இருந்து வேலை வாங்கியவர். அவர் குரல் கொடுத்தால் அடுத்த மேட்டில் உட்கார்ந்திருப்பவர்களும் எழுந்து வேலையைத் தொடங்குவார்கள்.

தோட்டத்தில் இப்போது நாங்கள் யாரும் இல்லை. ரப்பர் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. நாங்கள் குடியிருந்த லயங்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். கோயில் மட்டும் அங்கேயே இருக்கிறது, திருவிழாவுக்கு எல்லாரும் போய்விடுவோம். நாங்கள் சிரம்பானிலும் போர்டிக்சனிலும் ஆளுக்கொரு தாமான் குடியிருப்பில் சிதறிக் கிடக்கிறோம். எங்களைச் சேர்த்து வைத்திருப்பது கைப்பேசியில் இருக்கும் வாட்ஸ்அப் புலனக் குழுதான். கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாம் அதில்தான் தெரியவரும். அதனால் கைப்பேசியைத் திட்டித் தீர்க்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். ஆனால் எங்கே வந்து நிற்கிறோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். துக்க வீட்டுக்கு வந்து கட்டிப்பிடித்து அழவேண்டியவர்கள், கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுகிறார்கள்.

அத்தையின் ஒரே மகன், எனக்கு அத்தான், ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் வேலை பார்க்கிறார். மாமா இறந்தபோது கொரோனாவால் எல்லைகள் மூடியிருந்தன. தகப்பனின் கடைசி ஊர்வலத்தை அவர் திரையில்தான் பார்த்து அழுதார். அதற்கு யாரைக் குறை சொல்ல முடியும்? ஆனால் எல்லை திறந்து ஆண்டுகள் போன பிறகும் அவர் வரவில்லை. எப்போது வருவாய் என்று கேட்டால், "அதான் தினமும் பார்க்கிறேனேம்மா" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அத்தை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். மகன் அனுப்பிய கைப்பேசிதான் அவருக்கு எல்லாம். மைலோ டின்னில் அதைச் சாய்த்து வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவார். குளிக்கப் போனாலும் பிளாஸ்டிக் பையில் போட்டு உள்ளே கொண்டுபோவார். "அத்தை, உங்களைப் போனுக்கா கட்டிக் கொடுத்தோம்?" என்று கேலி செய்வேன். "உனக்கென்னடி, உம் புள்ள பக்கத்து ரூம்ல இருக்கான். நீ பேசுவ" என்பார். பக்கத்து அறையிலிருந்தே சாப்பாடு ஆயிற்றா என்று எனக்குச் செய்தி அனுப்புகிறவன் அவன் என்பதை நான் சொல்லவில்லை.

ஒரு வருடத் திருவிழாவில் ரதம் இறங்குவதைக் காட்டச் சொல்லி அத்தான் கேட்டிருந்தார். அத்தை வழக்கமான இடத்தில் வடத்தை ஒரு கையில் பிடித்தபடி, மறு கையில் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு நின்றார். பின்னால் நின்ற நாங்களும் அப்படித்தான். ஒருத்தி சிங்கப்பூர் மகளுக்குக் காட்டினாள், ஒருத்தி நேரலையில் இருந்தாள். நான் குழுவுக்காகப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். வடத்தில் ஆள் நிறைய, கை பாதிதான். முந்தின இரவு பெய்த மழையில் செம்மண் பாதை வழுக்கியது. சக்கரத்துக்குக் கட்டை போடும் என் அண்ணன் குனிந்திருந்தபோது ரதம் சட்டென்று நழுவியது.

"கொஞ்சம் மேல காட்டும்மா, சாமி தெரியல" என்று அத்தான் சொன்னது எனக்குக் கேட்டது. அத்தை கைப்பேசியை அப்படியே விட்டுவிட்டார். இரண்டு கையாலும் வடத்தைப் பிடித்துப் பாதையிலேயே உட்கார்ந்துகொண்டு, பழைய மண்டோர் குரலில், "போனப் போடுங்கடி! ஆள் அடியில இருக்கான்!" என்றார். அத்தனை கைப்பேசிகளும் புல்லில் விழுந்தன. ரதம் எங்களை இழுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் போய் நின்றது. அண்ணன் வெளியே வந்தபோது ஒரு காலில் செருப்பு இல்லை. அது சக்கரத்துக்கு அடியில் இருந்தது. அண்ணி அங்கேயே உட்கார்ந்து அழுதார். அத்தையின் உள்ளங்கைகள் இரண்டும் தோல் உரிந்து போயிருந்தன. அவருடைய கைப்பேசி பாதையோரக் கால்வாய்த் தண்ணீரோடு போய்விட்டது.

அத்தான் பார்த்தது வானத்தை, கேட்டது பெண்களின் அலறலை, பிறகு ஒன்றுமில்லை. எல்லாருக்கும் மாறி மாறி அழைத்திருக்கிறார். எடுக்க யார் கையிலும் கைப்பேசி இல்லை. கடைசியில் நான் பேசியபோது அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கைப்பேசி போனதைச் சொன்னதும், உடனே புதிதாக ஒன்று வாங்கி அனுப்புவதாகச் சொன்னார்.

"வேணாம்னு சொல்லு" என்றார் அத்தை.

"கை ஆறின பிறகாச்சும் வேணும்ல, அத்தை?"

"வேணாம் லா. அம்மா நல்லாருக்கா, கையில காயம். பார்க்கணும்னா வந்து பார்க்கட்டும்."

"வரலைன்னா?"

அத்தை கட்டுப்போட்ட கைகளைத் திருப்பிப் பார்த்தார். "வரலைன்னா வரல. ஆனா பார்த்துட்டேன்னு அவன் சொல்ல முடியாதுல்ல."

வைராக்கியம் என்றால் அதுதான். ஆனால் சும்மா வந்துவிடவில்லை. வீட்டில் யாருடைய கைப்பேசி ஒலித்தாலும் தலை திரும்பும். என் கைப்பேசியில் அத்தான் அழைத்தால் சமையலறைக்குப் போய்விடுவார். போனவர் பாத்திரம் எதையும் தொடாமல், நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பார். ஒரு வாய் வார்த்தை பேசிவிடுங்களேன் என்று நான் கெஞ்சியிருக்கிறேன். மாட்டார். மகனை ஒரேயடியாக இழந்துவிடப் போகிறார் என்று எனக்குப் பயமாகவே இருந்தது.

அடுத்த திருவிழாவுக்கு முதல் நாள் அத்தான் எங்கள் வாசலில் பையோடு நின்றார். தலையில் பாதி நரைத்திருந்தது. திரையில் அது தெரிந்ததே இல்லை. அத்தை ஓடி வந்தார். முகத்தைத் தடவினார், தோளைத் தடவினார், இளைத்துவிட்டாய் என்றார். பிறகுதான் அழுதார்.

மறுநாள் ரதம் மேட்டுக்கு வந்தது. ஆண்கள் ஒதுங்கினார்கள், பெண்கள் பின்வடத்துக்கு ஓடினோம். யார் கையிலும் வேறொன்றும் இல்லை. முன்வடத்தில் நின்றிருந்த அத்தான் மட்டும் பின்னால் வந்து, அம்மா வடம் பிடிப்பதைப் படம் எடுக்கக் கைப்பேசியை உயர்த்தினார்.

அத்தை திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"யாருக்குய்யா காட்டப் போற? பார்க்க வேண்டியவன்தான் வந்துட்டியே."

அத்தான் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வடத்தின் பக்கம் வந்தார். அத்தைக்குப் பின்னால் நின்றிருந்த நான் ஓரடி தள்ளி இடம் விட்டேன். எங்கள் தோட்டத்தில் ஓர் ஆண் பின்வடம் பிடித்தது அன்றுதான்.